அஞ்சலைக்கு நான் குறைத்து எழுதிய எண்

சென்ற வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டினீர்கள். உங்களில் ஒருவர் குளிர்பெட்டியைத் திறந்து, விரல் நுனி அளவுக் குப்பி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டின் மேற்புறத்தில் உள்ள ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி அது என்றார். ஒரு துளி போதுமாம். அந்தப் புரதம் இருக்கிறதா இல்லையா என்று சற்று நேரத்தில் திரையில் தெரிந்துவிடுமாம். நான் "நல்லது" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். குப்பி கையில் இருந்த அந்த நிமிடம் எனக்கு வேறொரு குப்பி நினைவுக்கு வந்தது. அதன் கதையை அங்கே நின்றுகொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இது எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் நாற்பது கட்டில்கள் கொண்ட ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். ஆய்வுக்கூடம் என்றால் அங்கே ஒரு அறை, ஒரு நுண்ணோக்கி, ஒரு ஆள். அந்த ஆள் நான். இருபத்துமூன்று வயதுப் பெண். வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

எங்கள் தலைமை மருத்துவர் அறுவை சிகிச்சை செய்பவர். அவர் கைபட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் பேர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாம் எழுதி அனுப்பும் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதே தாளில் இரண்டு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் அப்படி மூன்று தாள்கள் திரும்பி வந்தபிறகு வேலையை விட்டுப் போனார் என்று நர்ஸ்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதுவரை ஒரு தாள் வந்திருந்தது. வராந்தாவில் வார்டு ஆயாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே அடுத்த தாளோ என்று எண்ணுவதை நிறுத்திக் கதவைப் பார்ப்பேன்.

அஞ்சலையைப் பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை என்று அழைத்து வந்தார்கள். பத்தொன்பது வயது. ஐயம்பேட்டையில் பயிர்வைக்கும் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி எட்டு மாதம். புருஷன் ஏகாம்பரம் அத்தை மகன்தான், பெரிய காஞ்சிபுரத்தில் தறி வேலைக்குப் போகிறவன். அவள் வாயில் மடித்து வைத்த துணி முழுக்கச் சிவந்திருந்தது. நான் ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னபோது முதலில் பார்த்தது அவள் கையில் இருந்த தடங்களைத்தான். முழங்கைக்கு மேலே கருநீலமாக ஒன்று, மணிக்கட்டில் பழுத்து மஞ்சளாகிப்போன ஒன்று, தோளில் இன்னொன்று.

அவள் அண்ணனும் கூட வந்திருந்தான். ஏகாம்பரத்தை அவன் வார்டுக்குள் விடவில்லை. ஏகாம்பரமும் சண்டை போடவில்லை. வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு தங்கை உடம்பில் இப்படித் தடம் தடமாக வந்தால் எந்த அண்ணனுக்கும் தோன்றுவதுதான் அவனுக்கும் தோன்றியிருந்தது. நர்ஸ்களுக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றியது.

தலைமை மருத்துவர் பார்த்ததும் வேறு ஒன்றை நினைத்தார். இளம்பெண், உடம்பெல்லாம் கன்றல், மாதவிலக்கு பத்து நாள் நிற்பதில்லை, ஈறிலிருந்து ரத்தம். தட்டணுக்கள் குறைந்து போயிருக்கின்றன என்று முடிவு செய்து, எண்ணிச் சொல்லும்படி சீட்டு அனுப்பினார். தட்டணு என்றால் பிளேட்லெட்தான். ரத்தக் குழாயில் கீறல் விழுந்தால் முதலில் ஓடிப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டி அடைப்பது அவை. உங்களுக்கு இன்று கருவி எண்ணித் தருகிறது. நாங்கள் கட்டம் போட்ட கண்ணாடியில் ரத்தக் கரைசலை விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஒவ்வொன்றாக எண்ணினோம். அவை மிகச் சிறிய மினுக்கும் புள்ளிகள். சிக்கல் என்னவென்றால் கரைசலில் தூசி இருந்தால் அதுவும் மினுக்கும்.

எண்ணினேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. எந்தக் குறையும் இல்லாத எண்ணிக்கை. எழுதி அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. தாளில் என் எண்ணுக்குக் கீழே அவர் எழுத்து: "சாத்தியமில்லை. மறுபடி பார்க்கவும்."

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கவனியுங்கள். பொய் எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. கரைசலில் தூசி இருந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ணியிருப்பேன் என்று உண்மையாகவே நம்பினேன். புதுக் கரைசல் எடுத்து வடிகட்டி மறுபடி உட்கார்ந்தேன். ஒரு புள்ளி தெரியும். இது தட்டணுவா, தூசியா? சந்தேகம் என்றால் விட்டுவிடு. அடுத்தது? அதுவும் சந்தேகம்தான், விட்டுவிடு. பயந்துபோன கண்ணுக்கு எல்லாமே சந்தேகமாகத் தெரியும். அப்படித் தள்ளித் தள்ளி எண்ணி முடித்தபோது அறுபத்தைந்தாயிரம் வந்தது. கூட்டல் போட வைத்திருந்த நோட்டில் பென்சிலால் எழுதியிருந்த முதல் எண்ணை அடித்துவிட்டு, தாளில் அறுபத்தைந்தாயிரம் என்று மையால் எழுதி அனுப்பினேன். தாள் திரும்பி வரவில்லை.

பல் ஈறில் பஞ்சை வைத்து அழுத்தி, தையல் போட்டு, எப்படியோ ரத்தத்தை நிறுத்தினார்கள். தட்டணு குறைவுக்கு அந்தக் காலத்தில் கொடுக்கிற மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து வாரம் சாப்பிட்டாள். முகம் உப்பியது. மாத்திரையால் வந்த பலன் அது ஒன்றுதான். மூக்கில் ரத்தம் கொட்டி மறுபடி வந்து படுத்தாள். மறுபடி எண்ணச் சொல்லிச் சீட்டு வந்தது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டு லட்சம் என்று எழுதினால் முதலில் எழுதியது என்ன என்று கேள்வி வரும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கட்டம் முழுக்கப் புள்ளிகள் மினுக்கின. போன தடவை எப்படி எண்ணினேனோ அப்படியே எண்ணினேன். அறுபத்தெட்டாயிரம். அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மாத்திரைக்குக் கேட்காவிட்டால் மண்ணீரலை எடுத்துவிடுவது அப்போதைய வழக்கம். தட்டணுக்களைப் பிடித்து அழிப்பது மண்ணீரல், அதை எடுத்தால் எண்ணிக்கை ஏறும் என்பது கணக்கு. வியாழக்கிழமை காலை அறுவை என்று குறித்தார்கள். அதற்கு அவளுக்குப் பொருந்துகிற ரத்தம் தயார் செய்ய வேண்டும்; பொருத்தம் பார்க்க, உறைந்த ரத்தத்திலிருந்து பிரிகிற நீர் தேவை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அஞ்சலையிடமிருந்தும், அதே நாளில் குடலிறக்க அறுவைக்கு இருந்த ஒரு பெரியவரிடமிருந்தும் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, உறையட்டும் என்று வெந்நீர்த் தொட்டியில் பக்கம் பக்கமாக வைத்தேன்.

பத்தரைக்கு வந்து பார்த்தேன். பெரியவர் குழாயில் ரத்தக்கட்டி சுருங்கி, கண்ணாடியை விட்டு விலகி, நடுவில் தக்கை மாதிரி நின்றது. சுற்றிலும் தெளிந்த மஞ்சள் நீர். எப்போதும் அப்படித்தான் இருக்கும். அஞ்சலையின் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது, ஆனால் துளியும் சுருங்கவில்லை. குழாய் வாய் வரைக்கும் நுங்கு மாதிரி நிரம்பி நின்றது. ஒரு சொட்டு நீர் பிரியவில்லை. சாய்த்துப் பார்த்தேன். அசையவில்லை.

ரத்தக்கட்டியைப் பிடித்து இழுத்துச் சுருக்குவது தட்டணுக்களின் வேலை என்று பயிற்சியின்போது ஒரே ஒரு வரி சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டத் தெரியாத தட்டணுக்களோடு சிலர் பிறக்கிறார்கள், மிக அபூர்வம், நீங்கள் யாரும் பார்க்கப் போவதில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு ஊசியும் கண்ணாடித் துண்டும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அஞ்சலையின் விரலில் குத்தி, வந்த சொட்டை அப்படியே கண்ணாடியில் இழுத்து, அறைக்கு வந்து சாயம் போட்டுப் பார்த்தேன்.

விரலிலிருந்து நேராக எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத்தான் கிடக்க வேண்டும். இங்கே ஏராளமாக இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. எங்கு தேடியும் இரண்டு சேர்ந்து நின்ற ஒரு இடத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

 அவளுக்குத் தட்டணு குறையவே இல்லை. மண்ணீரலை எடுத்து ஆவது ஒன்றுமில்லை. வயிற்றைத் திறந்தால் வெட்டிய இடத்தில் அடைத்து நிறுத்த அவள் ரத்தத்தில் ஆள் இல்லை. பல் பிடுங்கியதற்கே இரண்டு நாள் ஒழுகியவள். மேசையிலேயே போய்விடுவாள். அவளை அந்த மேசைக்கு அனுப்புவது என் கையால் மையில் எழுதிய இரண்டு எண்கள்.

உடனே போய்ச் சொன்னேன் என்று உங்களிடம் எழுத ஆசைதான். சொல்லவில்லை. பாதி உண்மையோடு போனேன். தலைமை மருத்துவர் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையின் ரத்தத்தில் நீர் பிரியவில்லை, பொருத்தம் பார்க்க முடியவில்லை, ஒருநாள் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல், இயந்திரத்தில் போட்டுச் சுற்றினால் பிரியும் என்றார். அது உண்மைதான், பிரியும். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.  உள்ளே மறுபடி போகக் கால் வரவில்லை. அறைக்குத் திரும்பவும் கால் வரவில்லை. வார்டுக்குப் போனேன்.

அஞ்சலை கட்டிலில் உட்கார்ந்து, நான் ஊசி குத்திய விரலைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அரை மணிக்கு மேல் ஆகியும் பஞ்சு ஈரமாகிக்கொண்டே இருந்தது. நான் வேறு பஞ்சு எடுத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"வயித்த தொறந்து அத எடுத்துட்டா இந்தக் கருப்பெல்லாம் வராதுன்னு பெரிய டாக்டர் சொன்னாரும்மா. எங்க அண்ணன் எங்க ஊட்டுக்காரர அடிக்க ஆள் சேத்துக்கினு இருக்குது. நான் எம்மாந் தடவ சொல்லியும் நம்பல. அவரு எம்மேல கைய வெச்சதே இல்லம்மா. தண்ணிக் கொடத்த இடுப்புல வெச்சாக்கூட கன்னிப்போவுது. இது நின்னா அவரு தெருவுல தல நிமுந்து நடப்பாரு. அதுக்குத்தான் சரின்னேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதான் எண்ணிப் பாத்தீங்களாமே. எல்லாம் சரியாத்தானேம்மா பாத்திருப்பீங்க?"

 பஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். அறைக்குப் போய், அந்தக் குழாயையும், பெரியவர் குழாயையும், கண்ணாடித் துண்டையும், பென்சிலால் அடித்த நோட்டையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். குழாய்கள் ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. 

தலைமை மருத்துவர் அறையில் தனியாக மோர் குடித்துக்கொண்டிருந்தார். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, யோசித்து வைத்திருந்ததையெல்லாம் மறந்துபோய், வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"சார், அந்தப் பொண்ணுக்குத் தட்டணு குறையல. மொதல்ல நான் எண்ணினது ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். அதுதான் சரி. நீங்க திருப்பி அனுப்புனதும் பயந்துட்டேன். பயத்துல கொறச்சி எண்ணிட்டேன். ரெண்டாந்தடவையும் அப்படித்தான் சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து பென்சில் எழுத்தைப் பார்த்தார். இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அஞ்சலையின் குழாயைக் கவிழ்த்தே பார்த்தார். பிறகு கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு: இப்போது இவர் நிமிர்ந்து, இதை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவரை மீறிப் போய்ச் சொல்வேனா? எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்து கேட்டார்: "நான் திருப்பி அனுப்பின தாள்ல என்ன எழுதியிருந்தேன்?"

"சாத்தியமில்லைன்னு எழுதியிருந்தீங்க சார்."

அவர் கண்ணாடித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டியபடி, "எண்ணினது உன் கை. அந்த வார்த்தைய எழுதினது என் கை" என்றார். அறுவைப் பட்டியலில் அஞ்சலையின் பெயரை அவரே அடித்தார். அப்புறம் மேசையில் உட்கார்ந்து என் பேருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். நான் நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அது நியாயம்தான். அன்றைக்கு வேலையே போயிருந்தாலும் நியாயம்தான்.

அன்று மாலையே அவர் அஞ்சலையின் அண்ணனையும் ஏகாம்பரத்தையும் கட்டிலுக்கு அழைத்தார். என்னையும் நிற்கச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அஞ்சலையின் கையில் சுற்றி, காற்றடித்து, ஐந்து நிமிடம் அப்படியே வைத்தார்.  பட்டையை அவிழ்த்தார். பட்டை இருந்த இடத்துக்குக் கீழே முன்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடின. அவர் அண்ணனைப் பார்த்து, "இப்ப இவள யாரு அடிச்சது?" என்று கேட்டார். அண்ணன் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வெளியே போகும்போது ஏகாம்பரத்தின் தோளில் கையை வைத்து, "வாபா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றான். ஏகாம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் எங்கள் சந்தேகம் சந்தேகமாகவே இருந்தது. சுருங்காத ரத்தக்கட்டியும் தனித்தனிப் புள்ளிகளும் வேறு காரணத்தாலும் வரலாம். இந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமானால் உறுதியாகத் தெரிய வேண்டும். மதராஸில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இப்படிப்பட்டவர்களின் தட்டணுக்களில் மேற்புறப் புரதம் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது என்று அப்போதுதான் வெளிநாடுகளில் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் புரதத்தை முயலுக்குச் செலுத்தி, முயலின் ரத்தத்தில் உண்டான ஆன்டிபாடியை அவருக்கு யாரோ ஒரு குப்பியில் அனுப்பியிருந்தார்கள். அந்தப் புரதம் இருக்கிற ரத்தத்தோடு அது சந்தித்தால் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். இல்லாவிட்டால் விழாது. தலைமை மருத்துவர் தொலைபேசியில் பேசி, என்னையே ரத்தத்தோடு போகச் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரு காரியத்தை அந்தப் பயணத்துக்கு முன்னால்தான் செய்தேன். அஞ்சலையின் ரத்தக் குழாயோடு, என் ரத்தத்தையும் நர்ஸிடம் சொல்லித் தனிக் குழாயில் எடுக்கவைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் ஒட்டினேன். எந்த எண் யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைமை மருத்துவரிடம் கொடுத்தேன். வழியில் வெயிலில் கெட்டுப்போனால் என் ரத்தமும் சேர்ந்து கெடும், அப்போது தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், என் வாய்ச்சொல் இனி யாருடைய கண்ணையும் ஒரு பக்கம் சாய்த்துவிடக் கூடாது என்று பயந்தேன். முதல் தடவையாக என் பயம் ஒரு நல்ல வேலைக்கு உதவியது.

நான் கிளம்பும்போது அஞ்சலைக்கு மூக்கில் மறுபடி ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. நர்ஸ் துணியை அடைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பனிக்கட்டியில் வைத்தால் தட்டணுக்கள் பாழாகிவிடும். வெயில் பட்டாலும் பாழ். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கி மரத்தடிக்குப் போனார்கள். நானும் போய்ப் பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம். குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் உள்ளே குழந்தைக்குப் பாலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா குப்பியை எடுத்துக் காட்டினார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. "இதுதான் கடைசி. மறுபடி எப்ப வரும்னு தெரியாது. தட்டணு குறைஞ்சிருந்தாலும் கோடு விழாது. எண்ணிக்கை சரியா இருக்குன்னு உங்க டாக்டர் சொன்னார். எண்ணினது யாரு?" என்றார்.

நான்தான் என்றேன். அவர் அந்தக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"என் எண்ண நம்பாதீங்க டாக்டர். ரெண்டு குழாயையும் நீங்களே எண்ணிப் பாருங்க. சரியா இருந்தா மட்டும் அதத் தொடுங்க."

அவர் எண்ணினார். இரண்டு குழாயிலும் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. பிறகுதான் குப்பியைத் திறந்தார். நான் மாம்பலத்தில் சித்தி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை போனேன். அந்தக் காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டிலும் கோடு விழுந்திருந்தால்? அப்படியானால் அறுவையை நிறுத்தியது தவறா? இரண்டிலும் விழாமல் போயிருந்தால் கடைசிச் சொட்டும் வீண். டாக்டரம்மா ஒரு கண்ணாடித் தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து விளக்கைச் சாய்த்துக் காட்டினார். இரண்டாம் எண்ணுக்கு எதிரே, மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஒன்றாம் எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. வெறும் தெளிவு.

ஒன்றாம் எண் யார் என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை. தொலைபேசியில் தலைமை மருத்துவரைக் கூப்பிட்டு, உறையைப் பிரிக்கச் சொன்னேன். அவர் படித்தார். "ஒண்ணு அஞ்சலை."

அந்த நோய்க்கு மருந்து கிடையாது. இன்றைக்கும் முழுதாகக் குணப்படுத்துவது கடினம் என்று உங்களுக்குத் தெரியும். அன்று எங்களால் முடிந்தது, அவளுக்கு என்ன இல்லை என்று சரியாகத் தெரிந்துகொண்டதுதான். உப்பிய முகத்துக்குக் காரணமான மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். தலைவலிக்கு எந்த மாத்திரை சாப்பிடக் கூடாது, பல்லில் கை வைக்குமுன் எங்கே வர வேண்டும் என்றெல்லாம் தலைமை மருத்துவர் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மூக்கில் ரத்தம் நிற்காதபோது புது ரத்தம் ஏற்றினோம். சில ஆண்டுகள் கழித்து மதராஸில் அவளுக்குப் பிரசவம் நடந்தது. ரத்தம் கொடுக்க ஐயம்பேட்டையிலிருந்தும் தறிக்காரர்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அண்ணன் ஒரு வேன் பிடித்துக் கூட்டிப்போனான். மூன்று நாள் கண்டம். பிழைத்தாள். பெண் குழந்தை, அதற்கு அந்தக் குறை இல்லை.

ஒன்றை மட்டும் கடைசிக்கு ஒதுக்கினேன். சொல்ல வெட்கமாக இருந்ததுதான் காரணம்.

மதராஸ் முடிவு வந்தபிறகு, மூக்கில் ரத்தம் நின்று வீட்டுக்குப் போகிற நாளில் அஞ்சலை என் அறைக்கு வந்தாள். என்னால்தான் தப்பித்தாள் என்று நர்ஸ்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். நன்றி சொல்ல வந்திருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, குலசாமிக்கு என் பேரில் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். மருத்துவர்கள் இருவரிடம் சொல்லியாயிற்று. இவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் என்னைத் தெய்வமாக நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். அந்த இரண்டு பேரிடம் சொன்னபோது வேலைக்குத்தான் பயந்தேன். இவள் முகம் எப்படி மாறும் என்று பயந்ததுபோல எதற்கும் பயந்ததில்லை.

சொன்னேன். உன் ரத்தத்தில் தட்டணு குறைவில்லை என்று முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பெரிய டாக்டருக்குப் பயந்து குறைத்து எழுதினேன், அந்த மாத்திரையும் அந்த அறுவைத் தேதியும் அதனால் வந்தவை, குழாயைப் பார்த்தபிறகு உன் உயிருக்குப் பயந்துதான் உண்மையைச் சொன்னேன் என்று சொன்னேன்.

 புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். வெளியே ஏகாம்பரம் சைக்கிள் மணியை அடித்துக் கூப்பிட்டான். அவள் எழுந்து கதவு வரை போனாள். போனவள் திரும்பி வந்து, மேசைக்குக் குறுக்கே தன் கையை நீட்டி வைத்தாள். கன்றல்கள் இன்னும் ஆறாத கை.

"இனிமேட்டு எனக்கு எப்ப ரத்தம் எடுத்தாலும் நீங்கதான் எடுக்கணும்மா" என்றாள். "மத்தவங்க யாரும் எனக்காவ இப்படிப் பயப்பட மாட்டாங்க."

நான் அங்கே இருந்த பதினோரு வருடமும் நான்தான் எடுத்தேன். ஒரு தடவையும் என் கை நடுங்காமல் இருந்ததில்லை.